வேகத்துக்கு உத்தரவிட்டவர் எங்கே?

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், எங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் ஒரு டிரைவரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு பஞ்சு மில்லுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸை ஓட்டுகிறவர். பஸ் மில்லுக்குச் சொந்தமல்ல. வாடகைக்கு விடும் ஒரு காண்டிராக்டருக்குச் சொந்தம். அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று பலகை வைத்த ரோட்டில், தொண்ணூறில் போனார் என்று போலீஸார் பிடித்தார்கள். கையில் ஸ்பீடு கன் வைத்துக்கொண்டு, புளியமர நிழலில் நின்று பிடித்தார்கள். கேஸ் பொய்யல்ல. அவர் தொண்ணூறில்தான் போனார்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி, குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டாயிரம் ரூபாய் அபராதம். எல்லாம் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் நிறுத்தம். லைசென்ஸ் இல்லாத டிரைவர் வேலையில்லாத டிரைவர். மாதம் பதினைந்தாயிரம் ரூபாய்ச் சம்பளம் நின்றது. அபராதத்தை காண்டிராக்டர் கொடுக்கவில்லை. அதுவும் டிரைவரின் பாக்கெட்டிலிருந்துதான் போனது.

இதுவரை நடந்தது சட்டப்படிதான் என்று சொல்லலாம். ஆனால் வேலை நின்ற அன்று சாயங்காலமே அந்த பஸ்ஸில் வேறொரு டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அதே பஸ், அதே ரோடு, புறப்படும் நேரமும் மில் கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய நேரமும் அதேதான். புது டிரைவரும் மறுநாள் காலையில் தொண்ணூறில்தான் போயிருப்பார். வேறு வழி அவருக்கு இல்லை.

கோர்ட்டில் கூண்டு ஒன்று இருந்தது. அதில் டிரைவர் நின்றார். அவரை அந்த வேகத்தில் போகச் செய்தவர் எங்கே நின்றார்? இந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. மாஜிஸ்திரேட் கேட்கவில்லை, போலீஸார் கேட்கவில்லை. கூடப் போன நானும் கேட்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

மில் தொழிலாளியின் மகன் வேன் ஓட்டுகிறான். விவசாயத் தொழிலாளியின் தம்பி லாரியில் போகிறான். ஆகவே அதிவேகத்துக்கு என்ன தண்டனை என்பது நம் வீட்டில் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 183ஆவது பிரிவு வேக வரம்பை மீறுவது பற்றியது. இந்தச் சட்டத்தை 2019இல் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி முதல் அபராதங்கள் பல மடங்கு உயர்ந்தன. கார், வேன் போன்ற இலகு வண்டியானால் குறைந்தது 1,000 ரூபாய், அதிகபட்சம் 2,000 ரூபாய். பஸ், லாரி போன்ற நடுத்தர, கனரக வண்டியானால் குறைந்தது 2,000, அதிகபட்சம் 4,000 ரூபாய். இரண்டாவது தடவை பிடிபட்டால் லைசென்ஸைப் பறிமுதல் செய்வார்கள். இந்தப் பிரிவில் சிறைத் தண்டனை கிடையாது.

ஆனால் வரம்புக்கு மிகவும் மேலே போய், ஜனங்களுக்கு ஆபத்து விளையும்படி ஓட்டினார் என்று போலீஸார் எழுதினால் 184ஆவது பிரிவு வரும். அது கடுமையானது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருஷத்துக்குள் மறுபடியும் அதே குற்றம் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பந்தயம் கட்டி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு 189ஆவது பிரிவு இருக்கிறது; அதில் மூன்று மாதம் வரை சிறை உண்டு.

வேகத்தில் ஓர் உயிர் போய்விட்டால் விஷயம் வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் இரண்டு வருஷம் வரை சிறை என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் அது ஐந்து வருஷம் வரை என்று உயர்ந்தது. இடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் என்றும் எழுதினார்கள். அதை எதிர்த்து 2024 ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் லாரி டிரைவர்கள் ஸ்டியரிங்கைத் தொட மறுத்தார்கள். அதன் பலனாக, ஜூலையில் சட்டம் அமுலுக்கு வந்தபோது அந்தப் பத்து வருஷப் பகுதியை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஒன்றுபட்டால் சட்டத்தின் வரியையும் நிறுத்தலாம் என்பதற்கு அது ஒரு பாடம்.

இதற்கெல்லாம் மேலே, கோர்ட்டுக்கு வெளியே வரும் தண்டனை ஒன்று உண்டு. அதுதான் லைசென்ஸ் நிறுத்தம். 2015 ஆகஸ்டில், சாலைப் பாதுகாப்புக்காக சுப்ரீம் கோர்ட் அமைத்த கமிட்டி, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது போன்ற குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நிறுத்துவதற்கு முன் டிரைவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நோட்டீஸ் வந்தால் அதற்குப் பதில் எழுத வேண்டும் என்பதே நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது.

சமமான அபராதம், சமமில்லாத சுமை

‘சட்டத்தின் முன் எல்லோரும் சமம்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன், அந்த வரியை அப்போது அப்படியே நம்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் லட்சணம் தெரிகிறது.

மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் டிரைவருக்கு ஒரு நாள் கூலி ஐந்நூறு ரூபாய். இரண்டாயிரம் ரூபாய் அபராதம் நான்கு நாள் கூலி. மூன்று மாத லைசென்ஸ் நிறுத்தத்தில் நாற்பத்தையாயிரம் போகிறது. அந்த மூன்று மாதத்துக்கு வீட்டு வாடகை இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் இல்லை, கடைக்காரரிடம் பாக்கி. அதே ரோட்டில் அதே தொண்ணூறில் சொந்தக் காரில் போன மில் முதலாளிக்கு என்ன? ஆயிரம் ரூபாய் அபராதம். ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அவர் கொடுக்கும் பணம். அவருடைய லைசென்ஸை நிறுத்தினாலும் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். முன் சீட்டில் சம்பளத்துக்கு ஓட்ட நம் ஆள் இருக்கிறார். எழுத்தில் ஒரே தண்டனை. ஒருவருக்கு அது கொசுக்கடி, மற்றவருக்குக் குடும்பத்தின் அடுப்பு அணைவது.

2024 மே 19ஆம் தேதி புனே நகரத்தில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பையன், பெரிய கட்டிட முதலாளியின் மகன், நடுநிசியில் வெளிநாட்டுக் கார் ஒன்றைப் பேய் வேகத்தில் ஓட்டி, மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் என்ஜினீயர்களைக் கொன்றான். பிடிபட்ட சில மணி நேரத்துக்குள் ஜாமீன் கிடைத்தது. சாலை விபத்துகளைப் பற்றி முந்நூறு வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று! நாடே கொதித்தெழுந்த பிறகுதான் அந்த உத்தரவை மாற்றினார்கள். ரத்தப் பரிசோதனையில் மாதிரியை மாற்றிவைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் டாக்டர்களே கைதானார்கள். இப்படி ஒரு கட்டுரை எழுதும் சலுகை, லோடு வேன் ஓட்டும் பையன் ஒருவனுக்குக் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? முடியும். பின்லாந்து ஒன்றும் சோஷலிஸ நாடல்ல; முதலாளித்துவ நாடுதான். ஆனால் அங்கே 1921ஆம் ஆண்டிலிருந்து ‘நாள் அபராதம்’ என்ற முறை இருக்கிறது. குற்றத்தின் அளவைப் பொறுத்து இத்தனை நாள் என்று கணக்கிடுவார்கள். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதைக் குற்றவாளியின் வருமானத்தைப் பார்த்து நிர்ணயிப்பார்கள். சுமாராக ஒரு நாள் வருமானத்தில் பாதி. வேக வரம்பை அதிகமாக மீறுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். 2023இல் அந்த நாட்டைச் சேர்ந்த ஓலண்ட் தீவில் ஒரு கோடீஸ்வர வியாபாரி, ஐம்பது கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் எண்பத்திரண்டில் போனார். அவருக்கு விதித்த அபராதம் 1,21,000 யூரோ. நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல்! அதே வேகத்தில் ஒரு கூலித் தொழிலாளி போயிருந்தால் அவருடைய கூலிக்கேற்ற தொகைதான். இருவருக்கும் ஒரே மாதிரி வலிக்கும். இதுவல்லவா சமத்துவம்?

மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்

அபராதத்தைச் சமமாக்கினால் மட்டும் போதாது. டிரைவர் ஏன் தொண்ணூறில் போனார் என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி சங்க ஆபீஸில் ஒரு பழைய நோட்டின் பின் அட்டையில் நாங்கள் போட்ட கணக்கு இது.

அந்த பஸ் கடைசிக் கிராமத்திலிருந்து காலை 6:50க்குப் புறப்படுகிறது. மில் கேட்டில் 7:50க்கு நிற்க வேண்டும். எட்டு மணிக்கு ஷிப்ட். தூரம் 54 கிலோமீட்டர். நடுவில் 18 இடங்களில் ஆட்களை ஏற்ற வேண்டும். ஓர் இடத்துக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தாலும் 18 நிமிஷம் நிற்பதிலேயே போய்விடும். அறுபது நிமிஷத்தில் மிச்சம் 42 நிமிஷம். 54 கிலோமீட்டரை 42 நிமிஷத்தில் கடக்க வேண்டுமானால் சராசரியாக மணிக்கு 77 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ரோட்டில் வளைவு இருக்கிறது, வேகத்தடை இருக்கிறது, சந்தைக் கூட்டம் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள். அங்கெல்லாம் மெதுவாகப் போனால், மற்ற இடத்தில் தொண்ணூறில் ஓடித்தான் சரிக்கட்ட வேண்டும்.

அறுபதுக்கு மேல் ஒரு தடவைகூடப் போகாமல் ஓட்டினால் எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஓட 54 நிமிஷம், நிற்க 18 நிமிஷம், ஆக 72 நிமிஷம். அதுவும் குறுக்கே ஒரு மாடுகூட வராத நாளில்! ஆக, காண்டிராக்டர் போட்ட அட்டவணையே, சட்டத்தை மீறாமல் நிறைவேற்ற முடியாத அட்டவணை. பஸ் லேட்டானால் மில் நிர்வாகம் காண்டிராக்டரின் வாடகையில் பிடித்துக்கொள்கிறது. காண்டிராக்டர் டிரைவரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார். தொழிலாளிக்கு அரை நாள் கூலி வெட்டு. ஒரே ஒரு பஸ் கூடுதலாக விட்டால் தீர்ந்துபோகும் விஷயம் இது. அந்த ஒரு பஸ்ஸின் செலவை மிச்சம் பிடிப்பதற்காக, நாற்பது பெண்களின் உயிரைத் தினமும் காலையில் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் உருட்டி விளையாடுகிறார்கள்.

மில் பஸ்ஸில் மட்டுமா இப்படி? நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை ஏற்றிச் செல்லும் சரக்கு வேனைப் பாருங்கள். முதல் நடை இறக்கிவிட்டு, எட்டு மணிக்குள் அடுத்த ஊருக்கு இரண்டாவது நடை அடிக்கச் சொல்கிறார் ஆள் பிடிக்கும் மேஸ்திரி. தனியார் ரூட் பஸ்ஸைப் பாருங்கள். முன்னால் போகும் பஸ்ஸின் கூட்டத்தை வாரச் சொல்கிறார் முதலாளி; கலெக்‌ஷன் குறைந்தால் படி குறையும். லாரியைப் பாருங்கள். இத்தனை மணிக்குள் சரக்கு இறங்காவிட்டால் வாடகையில் பிடித்தம். 2015 அக்டோபர் 1க்குப் பிறகு தயாரான பஸ், லாரிகளில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கருவியின் ஒயரைக் கழற்றிவிடுவது டிரைவரின் சொந்த ஆசையா, வண்டி முதலாளியின் உத்தரவா என்பதை எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் சொல்வார்.

தூக்கமும் இதில் சேர்ந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை குறைந்தது அரை மணி ஓய்வு என்று எழுதிவைத்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் அதையும் கரைத்துவிட்டார்கள். எங்கள் டிரைவர் காலை நான்கு மணிக்கு எழுந்து பஸ்ஸைத் துடைப்பார். கடைசி நடை முடிந்து வீட்டுக்குப் போகும்போது ராத்திரி பத்து. இப்படிப்பட்டவர் தொண்ணூறில் போனால், ஒரு விநாடி கண் சொக்குவதற்குள் பஸ் இருபத்தைந்து மீட்டர் ஓடிவிடும்.

சட்டப் புத்தகத்தில் தூங்கும் வரி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ‘வேகத்துக்கு உத்தரவிட்டவரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லையே, என்ன செய்வது?’ என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சங்கத்துக்கு உதவும் ஒரு வக்கீல் 183ஆவது பிரிவை முழுவதும் வாசித்துக் காட்டினார். திகைத்துப்போனேன்.

வேக வரம்பை மீறி ஓட்டுகிறவரை மட்டும் அந்தப் பிரிவு குற்றவாளியாக்கவில்லை. தன்னிடம் வேலை செய்கிறவரையோ தன் கட்டுப்பாட்டில் இருக்கிறவரையோ அப்படி ஓட்டச் செய்கிறவரும் குற்றவாளி. அதோடு நிற்கவில்லை. ஒரு பயணத்தை இத்தனை நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அட்டவணை வெளியிட்டாலோ உத்தரவிட்டாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிக்க முடியாது என்று கோர்ட் கருதினால், அந்த அட்டவணையே, அந்த உத்தரவே, அதைப் பிறப்பித்தவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நோக்குச் சாட்சியம் ஆகும் என்று அதே பிரிவு சொல்கிறது. நாம் நோட்டின் பின் அட்டையில் போட்ட கணக்குக்கு கோர்ட்டில் மதிப்பு உண்டு!

இன்னொரு வேடிக்கையையும் வக்கீல் காட்டினார். 1988இல் எழுதியபடி, வேகமாக ஓட்டிய டிரைவருக்கு முதல் தடவை 400 ரூபாய் வரை அபராதம். ஓட்டச் செய்த முதலாளிக்கு 300 ரூபாய் வரை! உத்தரவிட்டவருக்குக் குறைவு, உத்தரவுக்குப் பணிந்தவருக்கு அதிகம். 2019 திருத்தத்தில்தான் இருவரையும் ஒரே தட்டில் வைத்தார்கள்.

ஆனால் ஏட்டில் இருக்கும் சர்க்கரை இனிக்குமா? எங்கள் கோர்ட்டில் இந்த வரியின்படி ஒரு முதலாளி கூண்டேறியதை நான் இதுவரை பார்த்ததில்லை. ரோட்டில் ஸ்பீடு கன்னை நீட்டினால் அது டிரைவரின் வண்டியைத்தான் காட்டும்; காண்டிராக்டரின் மேஜையைக் காட்டாது. போலீஸார் எழுதும் மெமோவில் டிரைவரின் பெயர் இருக்கும். அட்டவணை போட்டவரின் பெயர் இருக்காது. மத்திய சர்க்கார் அறிக்கைப்படி 2022இல் நாடெங்கும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் நூற்றுக்கு எழுபத்தோரு மரணத்துக்குக் காரணம் அதிவேகம் என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய லாபத்துக்காக அந்த வேகம் என்று அதில் எழுதியிருக்கிறதா? இல்லை.

நம் தரப்பிலும் குற்றம் உண்டு

இதைச் சொல்லும்போது, ‘அப்படியானால் டிரைவர் குற்றமற்றவர், அவரை விட்டுவிட வேண்டும்’ என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அந்த டிரைவருக்காக மில் கேட்டில் ஒரு மகஜருக்குக் கையெழுத்து வாங்கப் போனோம். லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தோம். தினமும் அதே பஸ்ஸில் வரும் ஒரு தொழிலாளி அம்மாள் மகஜரை வாங்கிப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

“ஏனுங்க தோழர், அவரு புள்ளகுட்டிக்காரரு, வாஸ்தவமுங்க. அவரு பொழப்புப் போச்சுன்னா எனக்கும் வருத்தந்தான். ஆனா அந்த பஸ்ஸுக்குள்ள உக்காந்திருந்தது நாங்க இல்லீங்களா? எங்களப் பத்தி இதுல ஒரு வரியும் காணமுங்களே?”

எனக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாள் சொன்னது முற்றிலும் சரி. டிரைவரும் தொழிலாளி, உள்ளே இருந்தவர்களும் தொழிலாளிகள். ரோட்டோரத்தில் நடந்து போகிறவரும் தொழிலாளிதான். 2022இல் மாண்டவர்களில் பாதிக்கு நெருங்கியவர்கள் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஐந்தில் ஒருவர் வெறுங்காலோ செருப்புக் காலோ நடந்து போனவர். வேகம் இரட்டிப்பானால் மோதலின் வலு நான்கு மடங்காகிறது. அறுபதில் வரும் பஸ்ஸுக்கு முன்னால் சிக்கிய குழந்தைக்கே பிழைப்பு அரிது. தொண்ணூறில் வந்தால் சொல்லவே வேண்டாம். டிரைவரின் வயிற்றுப் பிழைப்பைக் காட்டி அந்தக் குழந்தையின் உயிரை நாம் தள்ளுபடி செய்ய முடியாது.

ஆகவே பழைய மகஜரைக் கிழித்தோம். புதிதாக எழுதினோம். டிரைவரை மன்னிக்கும்படி கேட்கவில்லை. காலை பஸ்ஸுக்கு 75 நிமிஷம் கொடுக்க வேண்டும், அல்லது இன்னொரு பஸ் விட வேண்டும். பஸ் லேட்டானால் தொழிலாளியின் கூலியிலும் டிரைவரின் சம்பளத்திலும் கைவைக்கக் கூடாது. அட்டவணையில் காண்டிராக்டரும் மில் நிர்வாகமும் கையெழுத்துப் போட்டு பஸ்ஸுக்குள் ஒட்ட வேண்டும். இவ்வளவுதான். அந்த அம்மாள்தான் முதல் கையெழுத்து. இருநூற்றுப் பதினொரு பேர் கையெழுத்திட்டார்கள். நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட அவர்கள் பயப்படுவது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். கையெழுத்துப் போட்ட அட்டவணை கோர்ட்டில் பேசும்.

என்ன செய்ய வேண்டும்?

மில் பஸ்ஸில் போகும் தோழர்கள், வேனில் நடவுக்குப் போகும் சகோதரிகள் முதலில் செய்ய வேண்டியது, கணக்கை எழுதிவைப்பது. புறப்படும் நேரம், சேரும் நேரம், தூரம், நிற்கும் இடங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நாலாங்கிளாஸ் கணக்கு போதும். சட்டத்துக்குள் ஓட்டி முடிக்க முடியாத நேரம் என்று தெரிந்தால், சங்கத்திடம் கொண்டுவாருங்கள்.

டிரைவர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அவசர உத்தரவை வாய்ப்பேச்சாக வாங்காதீர்கள். டிரிப் ஷீட்டில் நேரத்தை எழுதி வாங்குங்கள். போனில் ‘சீக்கிரம் வா’ என்று அனுப்பிய செய்தியை அழிக்காதீர்கள். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் கேஸ் மூன்று நிமிஷத்தில் முடியும். உத்தரவிட்டவரும் அந்த மூன்று நிமிஷத்தில் தப்பிவிடுகிறார். பிடிபட்டால் ஒப்புக்கொள்வதற்கு முன் சங்கத்துக்குச் சொல்லுங்கள். வேகத்தைக் கருவியால் அளந்தார்களா என்று கேளுங்கள். கருவி இல்லாமல், ஒரே ஒரு சாட்சியின் கண் மதிப்பை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்று அதே 183ஆவது பிரிவு சொல்கிறது. ஆர்.டி.ஓ. நோட்டீஸுக்கு அட்டவணையை இணைத்துப் பதில் எழுதுங்கள். தனியாக நின்று முதலாளியைக் காட்டிக்கொடுத்தால் மறுநாள் வேலை போகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் சங்கத்தோடு நில்லுங்கள் என்கிறோம். அதே சமயம், யாரும் விரட்டாதபோது, காலி ரோட்டைக் கண்ட குஷியில் விரட்டினால் சங்கம் உங்கள் பின்னால் நிற்காது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

போலீஸ், போக்குவரத்து அதிகாரிகளிடம் நம் கோரிக்கை எளிமையானது. வாடகை வண்டி அதிவேகத்தில் பிடிபட்டால், அதன் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே முதலாளியின் வண்டிகள் திரும்பத் திரும்பப் பிடிபட்டால், டிரைவரின் லைசென்ஸை மட்டும் பார்க்காமல் முதலாளியின் பெர்மிட்டையும் பாருங்கள். புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. இருக்கிற சட்டத்தின் பாதியை எங்கள் மேல் அமுல் செய்கிறீர்கள். மறு பாதியையும் அமுல் செய்யுங்கள்.

சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் எழுப்ப வேண்டிய கோரிக்கையும் உண்டு. அபராதத்தை வருமானத்தோடு இணைக்க வேண்டும். வேகத்துக்கு உத்தரவிட்டவருக்கு, உத்தரவுக்குப் பணிந்தவரைவிட அதிகத் தண்டனை வேண்டும். இது நடக்க நாள் பிடிக்கும். ஆனால் அட்டவணையில் கையெழுத்துக் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே கேட்கலாம்.

அந்த டிரைவர் இப்போது ஒரு செங்கல் சூளையில் கூலிக்குப் போகிறார். அவருடைய மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. முடிந்ததும் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அவர் மறுபடி ஏறும்போது பஸ்ஸுக்குள் ஒட்டிய அட்டவணையில் 60 நிமிஷம் என்று இருக்குமா, 75 நிமிஷம் என்று இருக்குமா? அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.